ஒரே பெயர், வேறு கருவி: தமிழ் உரைத் திட்டங்களை எந்த யூனிக்ஸிலும் ஓடவைத்தல்

பழைய திஸ்கி கோப்பு ஒன்றை யூனிகோடுக்கு மாற்ற டெபியன் லினக்ஸில் ஒற்றை வரி போதும். ஐகான்வ் கட்டளையிடம் திஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8க்கு என்று சொன்னால் வேலை முடிந்தது. அதே வரியை ஆல்பைன் லினக்ஸில் கொடுத்தால் திஸ்கி என்ற பெயரையே தெரியாது என்று சொல்லிவிடும். கட்டளையின் பெயர் ஒன்றுதான், எழுதும் முறையும் ஒன்றுதான். பின்னால் நிற்கும் நூலகம் வேறு. டெபியனில் ஐகான்வ், ஜிலிப்சி எனப்படும் ஜிஎன்யூ சி நூலகத்தோடு வருகிறது. அதில் திஸ்கிக்கான மாற்றி இருக்கிறது. ஆல்பைனில் இருப்பது மஸல் நூலகம். அது சிறிதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. பழைய குறியாக்கங்களில் மிகச் சிலவற்றையே வைத்துக்கொண்டது. தனியாக நிறுவக்கூடிய ஜிஎன்யூ லிப்ஐகான்வ் நூலகத்திலும் திஸ்கி கிடையாது. மேக்ஓஎஸ் பல ஆண்டுகள் கூடவே கொடுத்துவந்தது இந்த லிப்ஐகான்வைத்தான்.

பெயரை நம்பி ஏமாறுவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. படி என்றால் எங்கும் படிதான்; ஆனால் பட்டணம் படி ஒரு அளவு, ஊர்ப்படி வேறு அளவு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மேக், செட், ஆக், சார்ட், டிஆர் என்ற பெயர்களின் நிலையும் அதுதான். எந்தக் கட்டளை என்று தெரிந்தால் மட்டும் போதாது, யாருடைய கட்டளை என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அத்தியாயம் தமிழ் உரைகளோடு வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டது: மின்னூல் தயாரிப்பவர்கள், சொற்பட்டியல் எடுப்பவர்கள், அகராதி, எழுத்துப்பிழை திருத்தி, உரைத்தொகுப்பு என்று உழைப்பவர்கள். ஒருவர் ராமாபுரத்து வீட்டில் மேக்புக் வைத்திருப்பார். மைசூரில் அவர் படிக்கும் இடத்தில் டெபியனோ உபுண்டுவோ இருக்கும். முடிவில் எல்லாம் போய்ச் சேரும் சர்வரில் ஆல்பைனோ ஃப்ரீபிஎஸ்டியோ ஓடும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, இன்று ஒரே திட்டத்தில் மூன்றுமே வந்துவிடுகின்றன. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அதில் முதல் மேக்ஃபைல் எழுதியவர் பிறகு மேக்புக் வாங்கும்போது இந்தச் சிக்கலைக் கட்டாயம் சந்திப்பார்.

ஒரு குறிப்பு. இந்நூலில் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். திரையில் தட்டச்சும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

நம்மிடம் இருக்கும் உரைகள்

மைசூருக்கும் இந்த விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மானசகங்கோத்ரியில் இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் தொடங்கப்பட்டது. 1991இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகளுக்குக் கணினி வாசிக்கக்கூடிய உரைத்தொகுப்புகளை உருவாக்கும் திட்டத்தை ஆரம்பித்தபோது, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும் இந்த நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொரு மொழிக்கும் சுமார் 30 லட்சம் சொற்கள் என்பது இலக்கு. யூனிகோடு பரவாத காலம் என்பதால் அந்த உரைகள் இஸ்கி குறியாக்கத்தில் ஏறின.

அதே பத்தாண்டின் முடிவில் திஸ்கி வந்தது. பல நாட்டுத் தமிழர்கள் இணையம் வழியே கலந்து பேசி உருவாக்கிய குறியாக்கம் அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னுரைகள் முதலில் பழைய எழுத்துரு வடிவங்களிலும், பின் திஸ்கியிலும், அதன்பின் யூனிகோடிலும் வெளியாயின. ஆகவே தமிழில் பழைய கோப்பு ஒன்று கையில் கிடைத்தால் அது இஸ்கியா, திஸ்கியா, வெறும் எழுத்துருக் குறியீடா என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். இதை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது.

திஸ்கியில் இன்னொரு சங்கதி உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதப்படுவது. 'கெ' என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றும் செட் வரிகளைச் சொந்தமாக எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 'கொ', 'கௌ' போன்றவற்றில் அது தடுக்கி விழும். ஜிலிப்சியின் மாற்றி இந்த வரிசை மாற்றத்தையும் சேர்த்தே செய்கிறது.

என் அழுத்தமான பரிந்துரை: குறியாக்க மாற்றத்தைத் தினசரி பில்டுக்குள் வைக்காதீர்கள். டெபியன் கணினி ஒன்றில் ஒருமுறை மாற்றுங்கள். மாறிய யுடிஎஃப்-8 கோப்பை மீண்டும் திஸ்கிக்கு மாற்றிப் பழைய கோப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும் வரிகளைக் கண்ணால் படியுங்கள். பிறகு யுடிஎஃப்-8 வடிவத்தைத் திட்டத்தின் மூலக்கோப்பாக வைத்து, பழைய கோப்பைத் தொடாமல் தனி அடைவில் பாதுகாத்துவிடுங்கள். இஸ்கி கோப்புகளுக்கு ஐசியூ நூலகத்தின் யுகான்வ் கட்டளை உதவும். டெபியனில் அது ஐசியூ-டெவ்டூல்ஸ் தொகுப்பில் இருக்கிறது, தமிழ் இஸ்கிக்கென்று தனிப் பெயரும் வைத்திருக்கிறது. இப்படிச் செய்தால் அடுத்த ஆளின் கணினியில் எந்த ஐகான்வ் இருக்கிறது என்ற கவலையே எழாது.

மேக்

மேக் கருவியை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். எந்தக் கோப்பு எதிலிருந்து உருவாகிறது என்று சொல்லிவிட்டால், மாறியதை மட்டும் மீண்டும் உருவாக்கும். சி நிரல்களுக்காகப் பிறந்தாலும் உரைத் திட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. நூறு அத்தியாயங்களில் ஒன்றைத் திருத்தினால் அந்த ஒன்றுக்கு மட்டும் வேலை நடக்கும்.

இன்று நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் மூன்று மேக்குகள். லினக்ஸ்களில் ஜிஎன்யூ மேக், 4 என்று தொடங்கும் பதிப்புகள். மேக்ஓஎஸ்ஸிலும் ஜிஎன்யூ மேக்தான், ஆனால் 2006இல் வெளியான 3.81 பதிப்பு. 2010இல் வந்த 3.82 முதல் உரிமம் ஜிபிஎல் 3ஆக மாறியதால் ஆப்பிள் பழையதோடு நின்றுவிட்டது. அங்குள்ள பாஷ் ஷெல் 3.2இலேயே நிற்பதற்கும் காரணம் இந்த உரிமம்தான். மூன்றாவது ஃப்ரீபிஎஸ்டி. 10ஆம் பதிப்பிலிருந்து அங்கே மேக் என்றால் நெட்பிஎஸ்டியிலிருந்து வந்த பிமேக்.

லினக்ஸில் பழகியவர் பிமேக்கில் தடுமாறும் இடங்களில் சில, பிழைச்செய்தி காட்டி நிற்கும். சதவீதக்குறி போட்டு எழுதும் பொதுவிதியும், நிபந்தனைக்கு எழுதும் இஃப்ஈக்யூவும் பிமேக்குக்குப் புரியாது. இவற்றால் பெரிய ஆபத்தில்லை, உடனே தெரிந்துவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டாலர்குறியும் அடைப்புக்குறியும் போட்டு 'ஷெல் டேட்' என்று எழுதினால் ஜிஎன்யூ மேக் அந்தக் கட்டளையை ஓட்டி விடையைத் தரும். பிமேக் அதை 'ஷெல் டேட்' என்ற பெயருள்ள மாறி என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மாறி இல்லையாதலால் ஒன்றும் சொல்லாமல் காலியிடம் வைக்கும். மின்னூலின் தலைப்புப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்காது.

$< என்ற சுருக்கக்குறி இன்னும் மோசம். ஜிஎன்யூ மேக்கில் இது எந்த விதியிலும் முதல் மூலக்கோப்பைக் குறிக்கும். யூனிக்ஸ் கருவிகளின் பொதுத்தரமான போசிக்ஸ்படியும் பிமேக்கிலும் இதற்குக் கோப்பு விகுதிகளை வைத்து எழுதும் பொதுவிதிகளில்தான் பொருள். ஒரு குறிப்பிட்ட கோப்புக்கென்று எழுதிய விதியில் அது காலியாகிவிடும். கோப்புப் பெயர் இல்லாமல் செட் தொடங்கினால் அது விசைப்பலகையிலிருந்து உள்ளீடு வருமென்று காத்திருக்கும். திரை அசையாது, பிழைச்செய்தியும் வராது. பில்ட் மெதுவாக நடக்கிறது என்று நினைத்துப் பயனர் உட்கார்ந்திருப்பார்.

ஆச்சரியக்குறியும் சமக்குறியும் சேர்ந்த != பிமேக்கில் கட்டளையை ஓட்டி அதன் விடையை மாறியில் வைக்கும். ஜிஎன்யூ மேக்கும் 2013இல் வந்த 4.0 பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. இரண்டிலும் ஓடுகிறது என்று மகிழ்ந்தால், மேக்ஓஎஸ்ஸின் 3.81இல் மாறி காலியாக நிற்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. போசிக்ஸ் தரத்தில் உள்ளவற்றை மட்டுமே பயன்படுத்துவது ஒன்று. 2024 பதிப்பில் போசிக்ஸே நிறைய இடம் கொடுத்துவிட்டது. ஃபோனி இலக்கு, $^, ?=, +=, != எல்லாம் தரத்துக்குள் வந்தன. ஆனால் தரம் வந்த அன்றே எல்லாக் கணினிகளும் மாறிவிடுவதில்லை. எனவே உரைத் திட்டங்களுக்கு நான் சொல்வது இரண்டாம் வழி: ஜிஎன்யூ மேக் தேவை என்று வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள், ஆனால் 3.81இல் உள்ள வசதிகளைத் தாண்டாதீர்கள். மேக்ஓஎஸ்காரர் வேறொரு மேக்கை நிறுவ வேண்டியிராது. ஃப்ரீபிஎஸ்டிகாரர் ஜிமேக் தொகுப்பை நிறுவினால் போதும்.

அறிவிப்பதற்கு அழகான ஒரு வழி உண்டு. ஜிஎன்யூ மேக், ஜிஎன்யூமேக்ஃபைல் என்ற பெயரில் கோப்பு இருந்தால் அதையே முதலில் எடுக்கும். பிமேக் அந்தப் பெயரைத் திரும்பிப் பார்க்காது, மேக்ஃபைலைத்தான் தேடும். ஆகவே உண்மையான விதிகள் அனைத்தையும் ஜிஎன்யூமேக்ஃபைலில் எழுதுங்கள். அதன் பக்கத்தில் சாதாரண மேக்ஃபைல் ஒன்றை வையுங்கள். அதில் ஒரே ஒரு விதி, 'இந்தத் திட்டத்துக்கு ஜிமேக் வேண்டும்' என்று அச்சிட்டுப் பிழையோடு வெளியேறும் விதி. தவறான கருவியோடு வருபவருக்கு முதல் நொடியிலேயே பதில் கிடைத்துவிடும்.

ஷெல்லும் செட்டும்

மேக்ஃபைலின் ஒவ்வொரு வரியையும் ஓட்டுவது எஸ்எச். உபுண்டுவில் 2006 அக்டோபரில் வந்த 6.10 முதலும், டெபியனில் 2011இல் வந்த 6ஆம் பதிப்பு முதலும் எஸ்எச் என்றால் டேஷ். மேக்ஓஎஸ்ஸில் போசிக்ஸ் நடையில் ஓடும் பாஷ். ஃப்ரீபிஎஸ்டியில் ஆல்ம்க்விஸ்ட் ஷெல்லின் வழிவந்த ஒன்று, ஆல்பைனில் பிஸிபாக்ஸின் ஆஷ். மேக்ஓஎஸ்ஸில் எழுதிப் பார்த்துச் சரியாக ஓடிய இரட்டைச் சதுர அடைப்பு, அணிகள், சோர்ஸ் கட்டளை ஆகியவை உபுண்டுவில் விழும் காரணம் இதுதான்.

எக்கோவை உரை எழுதப் பயன்படுத்தாதீர்கள். வரிமுறிவுக்கான பின்சாய்கோட்டுக் குறியை டேஷின் எக்கோ வரிமுறிவாகவே மாற்றும். பாஷின் எக்கோ வழக்கமாக அப்படியே அச்சிடும். பிரிண்ட்எஃப் எங்கும் ஒரே மாதிரி நடக்கும். டெபியனின் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் தொகுப்பில் செக்பாஷிசம்ஸ் என்ற கருவி இருக்கிறது. பாஷுக்கே உரிய எழுத்துமுறைகளை வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். ஷெல்செக் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும். இரண்டையும் ஓட்டாமல் எந்த ஷெல் கோப்பையும் பிறரிடம் கொடுக்காதீர்கள்.

செட்டில் கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் -ஐ விருப்பம் போசிக்ஸில் இல்லை. ஜிஎன்யூ செட்டில் அதன்பின் காப்புக்கோப்பின் விகுதி வேண்டுமானால் ஒட்டி எழுதலாம், வேண்டாமென்றால் விடலாம். ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் செட்டில் விகுதி கட்டாயம், வெற்று மேற்கோளாகவாவது கொடுக்கவேண்டும். லினக்ஸில் -ஐ, -இ என்று அடுத்தடுத்து எழுதிப் பழகியவர் அதையே மேக்ஓஎஸ்ஸில் ஓட்டினால், திருத்தம் நடக்கும், கூடவே கோப்புப் பெயரின் கடைசியில் '-இ' ஒட்டிய காப்புக்கோப்பு ஒவ்வொன்றுக்கும் முளைக்கும். அவற்றையும் சேர்த்து மின்னூலுக்குள் கட்டிவிடுவது எளிதில் நேரும். -ஐ விருப்பத்தை விட்டுவிடுங்கள். தற்காலிகக் கோப்பில் எழுதி, வெற்றியானால் எம்வி கொண்டு பெயர் மாற்றுங்கள். இது எந்த யூனிக்ஸிலும் ஓடும்.

தேதிக் கணக்கு, கோப்பின் அளவு கேட்பது, எத்தனை பிராசஸர் என்று கேட்பது, எம்டி5 பார்ப்பது ஆகியவற்றுக்கு ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிக் கட்டளையோ விருப்பமோ உண்டு. உரைத் திட்டத்துக்கு இவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தவிர்த்துவிடலாம்.

தமிழ் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

மேலே சொன்னவை எந்த மொழிக்காரருக்கும் நேர்பவை. ஆங்கில உரையோடு மட்டும் வேலை செய்பவர்கள் ஒருநாளும் காணாத சிக்கல்கள் இனி வருபவை. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். சில கருவிகள் குறிகளைப் பார்க்கின்றன, சில பைட்களைப் பார்க்கின்றன.

சொற்பட்டியல் எடுக்கும்போது வளைந்த மேற்கோள் குறிகளை நீக்க வேண்டும். டிஆர் கட்டளையில் நீக்கும் விருப்பம் போட்டு “ ” இரண்டையும் கொடுக்கிறோம். மேக்ஓஎஸ்ஸில் மேற்கோள்கள் மட்டும் போகும். டெபியனில் அதே வரி தமிழைச் சிதைக்கும். ஜிஎன்யூ டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். மேற்கோளின் மூன்று பைட்டும் அதற்குத் தனித்தனி எழுத்துகள். அவை எங்கு வந்தாலும் நீக்கும். ஈகாரக் குறியான 'ீ' இன் மூன்றாம் பைட்டும் மேற்கோளின் இரண்டாம் பைட்டும் ஒன்றே. 'ஜ' எழுத்தின் மூன்றாம் பைட்டும் “ குறியின் மூன்றாம் பைட்டும் ஒன்றே. ஆகவே நீர், தீ, மீன், வீடு, ஜன்னல் எல்லாம் உடையும். அம்மா, மரம், கடல் எல்லாம் நலமாக இருக்கும். பட்டியலின் முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் இது படாமலே போய்விடலாம். புள்ளியை நீக்கும்படி டிஆரிடம் சொன்னால் இன்னும் கொடுமை. புள்ளியின் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் முதல் பைட். மொத்த உரையும் போய்விடும்.

மாற்று எளிது. செட்டில் இரண்டு மேற்கோளுக்கும் இரண்டு தனி மாற்று வரிகள் எழுதுங்கள், சதுர அடைப்புக்குள் சேர்த்துப் போடாதீர்கள். முழுக் குறியையும் தொடராகத் தேடும்போது, கருவி பைட்களைப் பார்த்தாலும் குறிகளைப் பார்த்தாலும் விடை ஒன்றே. யுடிஎஃப்-8 அப்படி அமைக்கப்பட்டது: ஒரு குறியின் பைட் தொடர் இன்னொரு குறியின் நடுவில் தொடங்காது.

ஆக் கட்டளையிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேளுங்கள். யுடிஎஃப்-8 சூழலில் ஜிஎன்யூ ஆக் 5 என்னும். டெபியன் தன்னோடு கொடுக்கும் மாக் என்ற ஆக் 15 என்னும். மூன்றெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்த நம் கணக்கை இரண்டுமே சொல்வதில்லை. தமிழ் எழுத்தெண்ணிக்கை வேண்டுமென்றால் ஆக்கை விட்டுவிட்டு, பைத்தானில் ஓப்பன்-தமிழ் போன்ற நூலகத்தைப் பயன்படுத்துங்கள். அது உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணும்.

வரிசைப்படுத்தலில்தான் அகராதிக்காரர்கள் அதிகம் நொந்துபோவார்கள். யூனிகோடு எண் வரிசையில் ரகரத்தின் பின் றகரம் வரும், பிறகு ல, ள, ழ, வ. நகரத்தை அடுத்தே னகரம். எனவே எண் வரிசைப்படி மறை, மலை, மழை. நம் நெடுங்கணக்கின்படி மலை, மழை, மறை. புள்ளிக்கான எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் கலை முதலில் வந்து கல் பின்னால் போகும். சார்ட் எந்த வரிசையைத் தரும் என்பதை லொக்கேல் என்ற சூழல் அமைப்பு தீர்மானிக்கிறது. ஜிலிப்சியில் இந்தியத் தமிழுக்கு லொக்கேல் உண்டு. மஸல் நூலகத்தில் ஒப்பீடு எப்போதும் பைட் வரிசைதான், எந்த லொக்கேலைக் கேட்டாலும்.

டெபியனிலும் நிம்மதி கொள்ள வேண்டாம். தமிழ் லொக்கேலை அந்தக் கணினியில் உருவாக்கியிருக்க வேண்டும். டாக்கரில் கிடைக்கும் சிறிய டெபியனில் அது இருக்காது. இல்லாத லொக்கேலைக் கேட்டால் சார்ட் புகார் செய்யாது. ஒன்றும் சொல்லாமல் எண் வரிசைக்குத் திரும்பிவிடும். லொக்கேல் இருந்தாலும், 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 வரிசை அட்டவணைகளையே மாற்றியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் அட்டவணைக் குறிப்புகள் அதனால் உலகெங்கும் கெட்டுப்போய், மீண்டும் கட்டவேண்டி வந்தது. இவ்வளவுக்கும் பிறகு சார்ட்டை நம்பி அகராதி அச்சிட முடியுமா?

ஆகவே இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுங்கள். யூனிக், ஜாயின், காம் ஆகியவற்றுக்காக உள்ளுக்குள் நடக்கும் வரிசைப்படுத்தலுக்கு எல்சி_ஆல் மாறியில் சி என்று வைத்து ஓட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பைட் வரிசை கிடைக்கும். வாசகர் கண்ணில் படும் கடைசி அகராதி வரிசையை மட்டும் ஐசியூ நூலகம் வழியாகச் செய்து, அதன் பதிப்பை எழுதிவையுங்கள். பைத்தானிலிருந்தே அதை அழைக்கலாம்.

கோப்புப் பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. 'கோ' என்பதை ககரம், ஓகாரக்குறி என்று இரண்டு குறியாக எழுதலாம். ககரம், ஏகாரக்குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் ஒன்று, பைட்டில் வேறு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கே 'கோவை' என்று பெயரிட்ட கோப்பைத் தாரில் கட்டி லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், மேக்ஃபைலில் சேர்ந்த வடிவில் எழுதிய 'கோவை'யோடு அது பொருந்தாது. அடைவில் கண்ணெதிரே இருக்கும் கோப்பை உருவாக்க விதி இல்லை என்று மேக் சொல்லும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவையே வைத்துக்கொள்கிறது, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. பழைய வட்டுகளும் பழைய தார் கோப்புகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸின் எக்ஸ்ட்4 பைட்டுக்குப் பைட் பார்க்கும். நமக்கு மனசில்லாவிட்டாலும் பில்டுக்குள் புழங்கும் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்களிலுமே வையுங்கள். நூலின் தமிழ்ப் பெயர் தகவல் கோப்பில் முழுமையாக இருக்கட்டும். உரைக்கு உள்ளேயும் இதே இரட்டை வடிவம் வரலாம் என்பதால் திட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு கோப்பையும் சேர்ந்த வடிவமான என்எஃப்சிக்கு மாற்றிவிடுங்கள். யுகான்வ் இதையும் செய்யும்.

மேக்ஓஎஸ்ஸில் தார் கட்டும்போது புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய துணைக்கோப்புகள் சேர்ந்துவிடும். காப்பிஃபைல்_டிஸேபிள் என்ற மாறிக்கு 1 கொடுத்துவிட்டுக் கட்டினால் வராது.

பைப்பில் மறையும் தோல்வி

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் உடனே செய்யமுடியும் என்றால், இதைச் செய்யுங்கள். மேக்ஃபைலில் ஐகான்வின் வெளியீட்டைப் பைப் போட்டு செட்டுக்குக் கொடுத்து, அதை ஒரு கோப்பில் எழுதும் வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பைனில் ஐகான்வ் திஸ்கி தெரியாமல் தோற்கிறது. செட்டுக்கு உள்ளீடு எதுவும் வரவில்லை, அது ஒன்றும் செய்யாமல் வெற்றியோடு முடிகிறது. பைப்பின் முடிவாக ஷெல் சொல்வது கடைசிக் கட்டளையின் முடிவைத்தான். மேக்குக்கு வெற்றி என்று தகவல் போகிறது. காலிக் கோப்பு ஒன்று புதிய நேரமுத்திரையோடு உட்கார்ந்திருக்கிறது. அடுத்தமுறை மேக்கை ஓட்டினாலும் அது புதிதாகவே இருப்பதால் மீண்டும் முயலாது. நீண்ட வெளியீட்டின் நடுவில் ஒரு வரி பிழைச்செய்தி ஓடி மறைந்திருக்கும். நூலில் ஓர் அத்தியாயம் காணாமல் போயிருக்கும்.

பாஷில் பைப்ஃபெயில் என்ற அமைப்பு இதைப் பிடிக்கும். 2024 போசிக்ஸில்தான் அது தரமாயிற்று, கையில் இருக்கும் டேஷ் அதை அறியும் என்று நம்ப முடியாது. எங்கும் ஓடும் முறை இது: ஒவ்வொரு படிக்கும் ஒரு கோப்பு. ஐகான்வ் தற்காலிகக் கோப்பில் எழுதட்டும். அடுத்த வரியில் செட் அதைப் படித்து இன்னொரு தற்காலிகக் கோப்பில் எழுதட்டும். கடைசி வரியில் எம்வி இலக்கின் பெயரைக் கொடுக்கட்டும். எந்த வரி தோற்றாலும் மேக் அங்கேயே நிற்கும், இலக்குக் கோப்பு உருவாகியிராது. இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம்.

சோதனை வரி

எந்த இயங்குதளம் என்று யுநேம் கொண்டு கேட்டு அதற்கேற்பக் கிளை பிரிக்கும் மேக்ஃபைல்களை நிறையப் பார்க்கலாம். அது சீக்கிரமே பழசாகும். ஒருவர் மேக்ஓஎஸ்ஸில் ஜிஎன்யூ கருவிகளை நிறுவியிருக்கலாம், இன்னொருவர் டெபியனில் மாக்குக்குப் பதில் ஜிஎன்யூ ஆக் வைத்திருக்கலாம். 1991இல் டேவிட் மெக்கென்ஸி தொடங்கிய ஆட்டோகான்ஃப் காட்டிய வழி நல்லது: ஊர் எது என்று கேட்காமல், இந்தக் கருவி இந்த வேலையைச் செய்கிறதா என்று செய்து பார்ப்பது. ஆட்டோகான்ஃப் முழுவதும் நமக்கு வேண்டாம். அதன் கருத்து போதும்.

திட்டத்துக்குள் சின்ன உரைக்கோப்பு ஒன்றை வையுங்கள்:

“நீ ஜெயித்தால் கோவை வருவேன்” மறை கல் மலை கலை மழை

மேற்கோள்கள், ஈகாரம், ஜகரம், ஓகாரம், வரிசையில் தகராறு செய்யும் சொற்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. உங்கள் திட்டத்துக்கேற்ப மற்ற கிரந்த எழுத்துகளும் 'ஸ்ரீ'யும் தமிழ் எண்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வரியை மேற்கோள் நீக்கம், சொல் பிரிப்பு, எண்ணிக்கை, அகராதி வரிசை என்று முழுப் பில்டின் வழியே ஓட்டுங்கள். வர வேண்டிய விடையை ஒருமுறை கையால் சரிபார்த்து இன்னொரு கோப்பாக வையுங்கள். பில்டின் முதல் இலக்கு இரண்டையும் சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுவதாக இருக்கட்டும். சிஎம்பி எல்லா யூனிக்ஸிலும் உண்டு, எங்கும் ஒரே மாதிரி நடக்கும். ஒரு பைட் வேறுபட்டாலும் பில்ட் நின்றுவிடும். சோதனை சில நொடிகளில் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் டாக்கருக்குள் வைத்துவிட்டால் இவ்வளவு தொல்லை ஏன் என்று கேட்கலாம். பழைய திட்டத்தை அவசரமாக உயிர்ப்பிக்க அது நல்ல வழி, நானும் பரிந்துரைப்பேன். ஆனால் இணைய வேகம் குறைந்த ஊரில், பழைய மடிக்கணினியில் உட்கார்ந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த விரும்பும் தன்னார்வலரிடம் நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்கச் சொல்வது நியாயமாகாது. தமிழ் மின்னூல் முயற்சிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பில் நடப்பவை. சாதாரண எஸ்எச்சும் மேக்கும் இருக்கும் எந்தக் கணினியிலும் ஓடும் திட்டம் அவர்களை உள்ளே விடும். டாக்கர் கோப்பையும் கூடவே வையுங்கள், தமிழ் லொக்கேலை உருவாக்கும் வரியோடு.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவைகளில் உபுண்டு, மேக்ஓஎஸ் இரண்டும் கிடைக்கின்றன; ஆல்பைனைக் கன்டெய்னராகச் சேர்க்கலாம். மூன்றிலும் சோதனை வரி தேறினால் ஃப்ரீபிஎஸ்டியிலும் பெரும்பாலும் தேறும். கடைசியாக, ரீட்மீ கோப்பின் தலையில் மேக், ஆக், செட், ஐசியூ ஆகியவற்றில் எவற்றின் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதையும், குறியாக்க மாற்றம் எந்தக் கணினியில், எந்த ஜிலிப்சி பதிப்பில் நடந்தது என்பதையும் தேதியோடு எழுதுங்கள். பத்தாண்டு கழித்துத் திஸ்கி மூலத்தை மீண்டும் திறக்கும் ஒருவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.